ஆயர் பெசார் என்றார் அந்தப் பெரியவர்

என் மலாய் நல்ல மலாய். இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமே கிடையாது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் இருபத்தாறு வருடமாக நிற்கிறேன். போனில் பேசினால் என்னை மலாய்க்காரன் என்றே நினைத்துக்கொள்வார்கள். நகராட்சியிலிருந்து கடிதம் வந்தாலும், வேலை பெர்மிட்டுக்குப் பாரம் நிரப்ப வேண்டுமென்றாலும் முதலாளி என்னைத்தான் கூப்பிடுவார். நானும் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, நீதிபதி தீர்ப்பு வாசிப்பதுபோல வாசிப்பேன். "உங்களுக்குத் தெரியாததுன்னு ஒன்னும் இல்லயா?" என்று என் மனைவி கேட்பாள். அதைப் பாராட்டு என்றே பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவளுக்குச் சர்க்கரை. நடக்கச் சொன்னார் டாக்டர். அதனால் ஞாயிற்றுக்கிழமைகளில் கிள்ளானில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவை நாலு சுற்றுச் சுற்றுவோம். ஒரே மரம், ஒரே பெஞ்சு, ஒரே ஆன்டிமார்கள், ஒரே வணக்கம். எனக்கு அலுத்துவிட்டது. அப்போதுதான் வாட்ஸ்அப்பில் ஒருவர் ஒரு படத்தை அனுப்பினார். காப்பாரைத் தாண்டி, பறவைகளுக்காக ஒதுக்கிவைத்த அலையாத்திக் காட்டுக்குப் பின்னால், ஆளே இல்லாத ஒரு கடற்கரை. கார் போகாது. ஒரு மணி நேரத்துக்கு மேல் நடக்க வேண்டும். படத்தைப் பார்த்ததுமே முடிவு செய்துவிட்டேன்.

"எனக்குத் தண்ணின்னா பயம்னு தெரியும்ல?" என்றாள் அவள். அவளுக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. நாம் நடக்கத்தான் போகிறோம், நீந்தப் போகவில்லை என்று சொல்லி வாயை அடைத்தேன்.

துணைக்கு எங்கள் கடையின் கட்டிங் மாஸ்டரையும் கூப்பிட்டுக்கொண்டேன். தஞ்சாவூர்க் கடற்கரைப் பக்கத்து முஸ்லிம். நாற்பது வயதிருக்கும். பெர்மிட்டில் வந்து மூன்று வருடம் ஆகியும் கடை மாடியில் தங்கி, கீழே இறங்கி, துணி வெட்டி, மறுபடியும் மாடி ஏறுவதைத் தவிர இந்த நாட்டில் அவர் எதையும் பார்த்ததில்லை. மலாய் பத்து வார்த்தை தெரியும். அதில் ஆறு சாப்பாடு.

காரில் போகும்போதே மனைவி சொல்லிவிட்டாள், இன்றைக்குப் பௌர்ணமி, அதனால் கவுச்சி கிடையாது, எலுமிச்சம்பழச் சாதமும் உருளைக்கிழங்கும்தான் என்று. பின்சீட்டிலிருந்து மாஸ்டர் சிரித்தார். "எங்களுக்கும் பிறை பதினாலுதான்க்கா. நோன்பு வைக்கலாம்னுதான் இருந்தேன். அண்ணன் நடக்கணும்னாரு, விட்டுட்டேன்." ஒரே நிலாவை இரண்டு பேரும் இரண்டு பக்கமாகச் சொன்னார்கள். நான் லோரிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து ஓட்டிக்கொண்டு, உருளைக்கிழங்கில் காரம் போட்டாளா என்று கேட்டேன்.

காப்பாரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனை. தூரத்தில் மின்நிலையத்தின் புகைபோக்கிகள் தெரிந்தன. பாதை முடிகிற இடத்தில் ஒரு பழைய படகுத்துறை. அங்கேதான் காரை நிறுத்தினோம். காட்டிலாகா வைத்திருந்த பலகை துருப்பிடித்துப் பாதி உதிர்ந்திருந்தது. முதலைப் படம் மட்டும் மிஞ்சியிருந்தது. "ஐயோ, புவாயா இருக்காங்க?" என்று மனைவி பின்வாங்கினாள். நான் பலகையைத் தட்டி, "இந்தப் பலகைதான் நம்மள கடிக்கும், டெட்டனஸ் ஊசி போடணும்" என்றேன். மாஸ்டர் சிரித்தார். அன்று காலை நான் சொன்ன எல்லாவற்றுக்கும் அவர் சிரித்தார். அதுவும் எனக்குத் தெம்பாக இருந்தது.

துறைக்குப் பக்கத்தில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் மோட்டார் சைக்கிளில் சாய்ந்தபடி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார். எங்கள் பையையும் தொப்பியையும் பார்த்தார். எங்கே போகிறோம் என்று கேட்டார். நான் என் நல்ல மலாயில் சொன்னேன். அவர் கடல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஹாரி நி ஆயர் பெசார், பாங். பாலிக் செப்பாட்," என்றார்.

ஹாரி நி என்றால் இன்றைக்கு. பாலிக் செப்பாட் என்றால் சீக்கிரம் திரும்பிவிடு. அதில் குழப்பம் இல்லை. முதல் பாதியில்தான் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போன எவனுக்கும் ஆயர் பெசார் என்றால் என்னவென்று தெரியும். வகுப்பில் கையைத் தூக்கி ஆசிரியரிடம் அனுமதி கேட்போமே, ஒன்றுக்குப் போக ஆயர் கெச்சில், இரண்டுக்குப் போக ஆயர் பெசார். நாற்பது வருடமாக அந்தச் சொல்லுக்கு எனக்கு வேறு அர்த்தமே கிடையாது. பெரியவர் நாகரிகமாகச் சொல்கிறார், அங்கே கக்கூஸ் இல்லை, அசிங்கம் பண்ணாமல் சீக்கிரம் வந்துவிடுங்கள் என்று. "ஓக்கே, ஓக்கே, பாக்சிக்" என்று மாமா முறை வைத்துத் தலையாட்டிவிட்டு நடந்தேன்.

கொஞ்ச தூரம் போனதும் மாஸ்டர் கேட்டார். "அண்ணே, அந்தப் பெரியவர் என்ன சொன்னாரு?"

"அங்க போயி வெளிக்கி போயி வைக்காதீங்கன்னு சொல்றாரு லா. நம்ம ஜனங்க மேல அவ்ளோ நம்பிக்கை."

மாஸ்டர் விழுந்து விழுந்து சிரித்தார். மனைவிகூடச் சிரித்தாள். அவள் மட்டும் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். பெரியவர் வலையை விட்டுவிட்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார்.

மண்கரை மேலே நடை. வலது பக்கம் செம்பனைத் தோட்டம், இடது பக்கம் காடு. தோட்டத்துப் பக்கம் வெயில் அடித்தது. காட்டுப் பக்கம் ஒன்றும் தெரியவில்லை. பறவைகளைப் பார்க்கலாம் என்று சொல்லித்தான் மனைவியை அழைத்து வந்திருந்தேன். பத்துப் பதினைந்து கொக்குகள் இருந்தன. எல்லாம் மர உச்சியில் ஒரே பக்கமாகத் திரும்பி உட்கார்ந்திருந்தன. சத்தம் இல்லை. குரங்குகள் இருந்தன, அவையும் சத்தம் போடவில்லை; நாங்கள் கடந்து போகும்வரை எங்களைப் பார்த்தன. எங்கள் செருப்புச் சத்தம் எனக்கே எரிச்சலாக இருந்தது.

கரை முடிந்த இடத்தில் பாதை காட்டுக்குள் இறங்கியது. வேர்களுக்கு நடுவே, சேற்றில் யாரோ பலகைகளைப் போட்டு வைத்திருந்தார்கள். நடுவில் ஓர் ஓடை குறுக்கிட்டது. அகலம், இரண்டு லோரியைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தலாம். தண்ணீர் கணுக்கால்கூட நனையவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சிப்பி குத்துகிறது என்று அவள் முனகியபடி வர, கடந்தோம். மரங்களின் தண்டுகளில் என் தலைக்கு மேல் வரைக்கும் சேறு காய்ந்து ஒரு கோடு இருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்தேன் என்று நன்றாக ஞாபகம் இருக்கிறது.

கடற்கரை, படத்தில் இருந்ததுபோலத்தான் இருந்தது. மணல் என்று சொல்ல முடியாது, உடைந்த சிப்பி. பிறை வடிவத்தில் ஒரு சின்னத் துண்டு. கடல் எங்கோ போய்விட்டிருந்தது. அவ்வளவு தூரம் கடல் உள்வாங்கி நான் பார்த்ததில்லை. சாம்பல் நிறச் சேறு போய்க்கொண்டே இருந்தது. அதன் கடைசியில் பென்சில் கோடுபோலத் தண்ணீர். கரையெல்லாம் ஒற்றைச் செருப்புகள். ஜோடியாக ஒன்றுகூட இல்லை. ஒரு மோட்டார் ஹெல்மெட், ஒரு பொம்மையின் கால்.

மாஸ்டர் இடுப்பில் கைவைத்துக்கொண்டு சேற்றைப் பார்த்தார். "எங்க ஊர்ல கடல் ஏறினாலும் முழங்கால்தான், எறங்கினாலும் முழங்கால்தான். இது என்னண்ணே, வீட்டக் காலி பண்ணிட்டுப் போன மாதிரி போயிருக்கு?" பிறகு மேலே பார்த்தார். கிளைகளில் பிளாஸ்டிக் பைகள் தொங்கின, சிவப்பும் நீலமுமாக, கிழிந்து. "இவ்ளோ உசரத்துல யாரு மாட்டி வெச்சா?"

"பிக்னிக் வந்தவங்கதான். குரங்கு எடுக்காம இருக்க மாட்டிட்டு, அப்படியே விட்டுட்டுப் போயிருப்பாங்க. சுத்தம்னா என்னன்னு தெரியாது" என்றேன். எதற்கும் என்னிடம் பதில் இருந்தது.

"இங்க என்னமோ சரியில்லீங்க" என்றாள் மனைவி.

"உனக்குப் பூங்காவுலயும் சரியில்ல, இங்கயும் சரியில்ல."

சாதத்தைப் பிரித்தோம். சாப்பிட்டோம். மாஸ்டர் ஒரு மரத்தடியில் தொழுதார். நான் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்தேன், தூங்கிவிட்டேன். அவள் தூங்கவில்லை.

அவள்தான் எழுப்பினாள். மணி மூன்றாகப் போகிறது. வெயில் போய், சுமத்ரா பக்கமிருந்து மேகம் ஏறி வானம் இறங்கியிருந்தது. "ஒரு சத்தம் வருதுங்க." கேட்டேன். அடுப்பில் கஞ்சி கொதிப்பதுபோல, சேறு முழுக்கச் சின்னச் சின்னதாகப் பொட்டுப் பொட்டென்று சத்தம். நண்டு வளைகளுக்குள் தண்ணீர் புகும் சத்தம் அது. அப்போது தெரியாது. கடல் பக்கத்தில் வந்திருந்தது. அலை இல்லை, நுரை இல்லை. பாயை விரிப்பதுபோல ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. மரத்தண்டுகளில் நண்டுகள் வரிசையாக மேலே ஏறிக்கொண்டிருந்தன. நான் போனை எடுத்து அதைப் படம் பிடித்தேன். வாட்ஸ்அப்பில் போடுவதற்கு. சிக்னல் இல்லை.

மாஸ்டர்தான் முதலில் ஓடினார். நாங்கள் பின்னால். காலையில் வந்த பலகைகள் இரண்டு மிதந்தன, மற்றவை இருந்த இடம் தெரியவில்லை. ஓடைக்கு வந்தபோது ஓடை இல்லை. பழுப்புத் தண்ணீர், காட்டுக்குள் உள்நோக்கி ஓடிக்கொண்டிருந்தது, இலைகளையும் ஒரு தெர்மோகோல் பெட்டியையும் இழுத்துக்கொண்டு.

"கரையிலயே ஒரு ஓரமா நிப்போம், எறங்கட்டும்" என்றேன்.

மாஸ்டர் மேலே கையைக் காட்டினார். அவர் முகத்தில் காலைச் சிரிப்பு இல்லை. "அந்தப் பையெல்லாம் ஆளு மாட்டினது இல்லண்ணே. தண்ணி மாட்டினது."

அந்த நிமிடம்தான் எனக்குப் புரிந்தது. ஆயர் என்றால் தண்ணீர். பெசார் என்றால் பெரிய. நாலாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லும். பெரிய தண்ணீர். பௌர்ணமிக்கும் அமாவாசைக்கும் வருகிற பெரிய தண்ணீர். மீனவர்கள் அதற்கு அப்படித்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த மனிதர் எங்களைக் கூப்பிட்டு நிறுத்தி, இரண்டே வார்த்தையில் சொல்லியிருக்கிறார். நான் அதை எடுத்துக் கக்கூஸ் கதையாக்கிச் சிரித்திருக்கிறேன். ஆனாலும் வாயைத் திறந்து அவர்களிடம் சொல்லவில்லை. அப்போதும் என் மானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

மாஸ்டர் இறங்கினார். நடுவில் நெஞ்சுவரை வந்தது. அந்தப் பக்கம் ஒரு வேரைப் பிடித்து ஏறிவிட்டார். "வாங்கண்ணே! அக்காவ புடிச்சுக்கிட்டு வாங்க! கைய விட்டுடாதீங்க!"

அவள் என் இடது கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது. "நான் இருக்கேன்" என்றேன். இறங்கினோம். நாலு எட்டு சரியாகத்தான் வைத்தோம். ஐந்தாவதில் என் வலது கால் முழங்கால்வரை சேற்றுக்குள் போனது. தண்ணீர் தாடையைத் தொட்டது. இழுக்கிறது, பக்கவாட்டில் இழுக்கிறது. அவள் என்னைவிடக் குள்ளம். அவளுக்குக் கால் எட்டவில்லை. அவள் எடை முழுவதும் என் கையில் தொங்கியது. நான் கீழே போய்க்கொண்டிருந்தேன். வாய்க்குள் உப்பும் சேறும் புகுந்தன.

கை நழுவியது என்று எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். இரண்டு தடவை அப்படி எழுதி அடித்தேன். கை நழுவவில்லை. நான் விரல்களை விரித்தேன். அவள் அப்போதும் விடாமல் பிடித்திருந்தாள். நான் உதறினேன். ஈரத்துணியை உதறுவதுபோல ஒரே உதறு. கை லேசானது. அடுத்த மூச்சில் நான் வேரைப் பிடித்திருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். மூக்குக்கு மேலே மட்டும் தெரிந்தது. அவள் கத்தவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது என்று சொல்ல முடிந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன். ஏதோ ஒரு தகவலைத் தெரிந்துகொண்டவள்போல இருந்தாள்.

என் தோளை மிதித்துக்கொண்டு மாஸ்டர் குதித்தார். ஒரு கையால் வேரையும் மறுகையால் அவள் பின்னலையும் பிடித்தார். பிறகு சுடிதார் கழுத்தை. எப்படிக் கரைக்குக் கொண்டுவந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. அவர் உள்ளங்கை சிப்பியில் கிழிந்து ரத்தம் வழிந்தது. கத்தரிக்கோல் பிடிக்கிற கை. அவள் குப்புறப் படுத்து வாந்தி எடுத்தாள். நான் முதுகைத் தடவினேன். தோளை ஒரு அசைவு அசைத்தாள், கையை எடுத்துவிட்டேன்.

மண்கரைக்கு ஏறி வந்தபோது எதிரே மோட்டார் சைக்கிள் சத்தம். பெரியவர். எங்கள் கார் இன்னும் நிற்பதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். சிப்பி கிழித்த வெறுங்காலில் ரத்தம் ஒழுக நின்ற அவளைப் பார்த்தார். தண்ணீர் போத்தலை அவளிடம் கொடுத்தார். என்னிடம், "சாயா டா சாக்காப்," என்றார். சொன்னேனே. கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அவளைப் பின்னால் உட்காரவைத்துத் துறைக்குக் கொண்டுபோனார்.

நானும் மாஸ்டரும் பின்னால் நடந்தோம். கைக்குட்டையைக் கையில் சுற்றியபடி அவர் கேட்டார். "காலையில அவரு நெஜமா என்னண்ணே சொன்னாரு?"

"பெரிய தண்ணின்னாரு."

அவர் கைக்குட்டையை இறுக்கிக் கட்டினார். பிறகு, "அத அப்படியே சொல்லியிருந்தீங்கன்னா, அது என்ன தண்ணின்னு நான் கேட்டிருப்பேனே" என்றார். அவ்வளவுதான். கடையில் இன்றைக்கும் அண்ணே என்றுதான் கூப்பிடுகிறார். பெர்மிட் பாரத்தை மட்டும் இப்போது பக்கத்துக் கடைப் பெண்ணிடம் கொடுத்து நிரப்பிக்கொள்கிறார்.

வீட்டில் நான் சண்டைக்காகக் காத்திருந்தேன். என் மனைவி சண்டையென்று வந்தால் கல்யாணப் பந்தியில் என் அக்கா சொன்ன வார்த்தைவரை எடுத்துவந்து போடுவாள். எதையும் மறந்தவள் இல்லை. சர்க்கரைக்காரக் கால் ஆற இரண்டு மாதம் ஆனது. நான்தான் தினமும் கட்டு மாற்றினேன். காலைக் காட்டுவாள், நன்றி என்பாள். அந்த நன்றி எனக்குப் பயமாக இருந்தது. அதற்குப் பிறகு நாங்கள் எத்தனையோ தடவை சண்டை போட்டுவிட்டோம், காஸ் அடுப்புக்கு, டிவி சத்தத்துக்கு. இதை அவள் ஒருமுறைகூட எடுக்கவில்லை.

போன மாதம் சுபாங் ஜெயாவில் அவள் அக்கா வீட்டில் மதியச் சாப்பாடு. கால் தழும்பைப் பார்த்து யாரோ கேட்க, அவள் கதையைச் சொன்னாள். நன்றாகச் சொல்வாள். முதலைப் பலகை, நண்டு, ஹெல்மெட், எல்லாம் வந்தது. ஓடை வந்தது. கையில் எடுத்த சோற்றைத் தட்டிலேயே வைத்தேன். "தண்ணி கழுத்துக்கு வந்துருச்சு. நான் முடிஞ்சதுன்னே நெனச்சேன். இவரு என் கைய விடவே இல்ல" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவள் அக்கா எழுந்து வந்து, "நல்லா இருங்க தம்பி" என்று எனக்கு இன்னொரு கரண்டி பாயசம் ஊற்றினாள். குடித்தேன்.

திரும்பும்போது நெடுஞ்சாலையில் நெரிசல். கார் நகரவில்லை. இனிமேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் செத்துவிடுவேன் போல இருந்தது.

"ஏன் அப்படிச் சொன்ன?"

எதை என்று அவள் கேட்கவில்லை. முன்னால் நின்ற லோரியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"வேற என்ன சொல்லச் சொல்றீங்க? இருபத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தினவரு, தண்ணியில என்னைய ஒதறிட்டுப் போனாருன்னா? கேக்கறவங்க உங்கள ஒன்னும் சொல்ல மாட்டாங்க. என்னையத்தான் பாவம்னு பாப்பாங்க. எனக்கு அது வேணாம்."

மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். தமிழில் ஒரு வார்த்தை வரவில்லை, மலாயிலும் வரவில்லை. அவள் ஜன்னல் கண்ணாடியை ஏற்றினாள்.

"முன்னாடி வண்டி போயிருச்சு பாருங்க. எடுங்க."

எடுத்தேன்.